அமெரிக்க ரேஸ்கோர்ஸில் உங்கள் இரண்டு டாலரைப் பின்தொடர்வது எப்படி

அமெரிக்காவுக்கு வரும் சொந்தக்காரர்களை ஆகஸ்டில் சாரடோகா ரேஸுக்கு அழைத்துப் போனால் எல்லாரும் என்னிடம் ஒரே கேள்விதான் கேட்பார்கள்: "மாமா, எந்தக் குதிரை வரும்?" அது எனக்குத் தெரியாது. மாநில அரசின் சார்பில் பந்தயக் கணக்கைச் சரிபார்க்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். குதிரையின் காலைப் பற்றிப் பேசும் தகுதி எனக்கில்லை. ஆனால் ஜன்னலில் நீங்கள் நீட்டும் இரண்டு டாலர் எந்தெந்தக் கை மாறுகிறது, யார் அதைக் கண்காணிக்கிறார்கள், கணக்கு இடித்தால் யாரிடம் போய் நிற்பது என்று கேளுங்கள், பொழுது சாயும்வரை சொல்வேன்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். இங்கே நீங்கள் ரேஸ்கோர்ஸை எதிர்த்துப் பந்தயம் கட்டுவதில்லை. பக்கத்தில் நிற்பவரை எதிர்த்துக் கட்டுகிறீர்கள். ஒரு ரேஸில் 'வின்', அதாவது தன் குதிரை முதலில் வரும் என்று, கட்டிய எல்லாருடைய பணமும் ஒரே இடத்தில் சேரும், அதுதான் பூல். அதிலிருந்து ஒரு சதவீதத்தைக் கழித்துக்கொண்டு மீதியை ஜெயித்தவர்களுக்குப் பங்கு போடுவார்கள். பாரிமியூச்சுவல் என்ற இந்த முறையை 1867இல் பாரிஸில் ஜோசப் ஓலர் என்பவர் கொண்டுவந்தார். 1913இல் ஆக்லாந்தின் எல்லர்ஸ்லி ரேஸ்கோர்ஸில் ஜார்ஜ் ஜூலியஸ் இதற்கென்றே ஓர் இயந்திரத்தை நிறுவினார். பந்தயப் பணத்தைக் கூட்டிக் கணக்குப் போடும் இன்றைய டோட் கம்ப்யூட்டர்களுக்கு அதுதான் பாட்டன். நியூ ஜெர்ஸியின் மான்மத் பார்க் போன்ற சில இடங்களில் முன்கூட்டியே உறுதி செய்த ஆட்ஸில் (ஒரு டாலருக்கு எத்தனை டாலர் லாபம் என்ற விகிதம்) கட்டும் வசதியும் வந்திருக்கிறது. அது தனிக் கதை, இங்கே விட்டுவிடுகிறேன்.

பணம் இப்படிச் சேருவதால்தான் மாநில அரசின் வேலையும் ஒரு தினுசாக இருக்கிறது. நீங்கள் தோற்காமல் பார்த்துக்கொள்வது அதன் பொறுப்பு இல்லை. பூலுக்குள் போன பணம் அப்படியே இருக்கிறதா, ரேஸ் தொடங்கிய பிறகு யாராவது உள்ளே கை விட்டார்களா, ஓடிய குதிரைகள் நேர்மையாக ஓடினவா என்பதுதான் அதற்குக் கவலை. விதிகள் பக்கம் பக்கமாக இருக்கும். எந்த விதியைப் படித்தாலும் இந்த மூன்றில் எதைக் காக்க வந்தது என்று கேட்டுப் பாருங்கள், பாதி புரிந்துவிடும்.

எந்தக் கதவைத் தட்டுவது

குதிரைப் பந்தயத்துக்கு மாநிலத்துக்கு ஒரு கண்காணிப்பு அமைப்பு. 1906இல் கென்டக்கி அமைத்ததுதான் முதல் மாநில ரேஸிங் ஆணையம். கலிபோர்னியா பொருளாதார மந்தத்தின் நடுவே, 1933இல், வரி வருமானம் வேண்டி இந்தப் பந்தயத்தைச் சட்டப்படி அனுமதித்தது. கலிபோர்னியா குதிரைப் பந்தய வாரியம் அப்போது பிறந்ததுதான். பெயர்கள் அடிக்கடி மாறும். நியூயார்க்கில் 2013 முதல் மாநில கேமிங் ஆணையம். கென்டக்கியில் 2024 ஜூலையிலிருந்து ஆணையம் போய் 'குதிரைப் பந்தய, கேமிங் கார்ப்பரேஷன்' வந்துவிட்டது. அதனால் பழைய பெயரை வைத்துத் தேடி அலையாதீர்கள். ரேஸ்கோர்ஸில் விற்கும் புரோகிராம் புத்தகத்தின் முன்பக்கங்களில் இப்போதைய பெயரும், ரேஸின் நடுவர்களான ஸ்டீவர்டுகளின் பெயர்களும் இருக்கும்.

2020இல் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டு ஹைசா என்ற தேசிய அமைப்புக்கு இரண்டு வேலைகளைக் கொடுத்தது. ஓடுதளப் பாதுகாப்பு 2022 ஜூலையிலும், மருந்துக் கட்டுப்பாடு 2023 மே மாதத்திலும் அதன் கைக்குப் போயின. மேலே பெடரல் டிரேட் கமிஷன் இருக்கிறது. இது செல்லுமா செல்லாதா என்று டெக்சாஸ், லூசியானா, மேற்கு வர்ஜீனியா போன்ற மாநிலங்கள் நீதிமன்றம் ஏறின. நமக்கு முக்கியமானது என்னவென்றால், ஹைசா பார்ப்பது டெர்பி போன்ற ரேஸ்களில் ஓடும் தரோபிரெட் இனக் குதிரைகளை மட்டும்தான். குவார்ட்டர் ஹார்ஸ் என்ற வேறு இனத்தின் ரேஸும், வண்டி பூட்டி ஓடும் ஹார்னஸ் ரேஸும் பெரும்பாலும் மாநிலத்தின் கீழேயே இருக்கின்றன. இன்னொன்று, ஹைசாவுக்கும் பந்தயப் பணத்துக்கும் சம்பந்தமே கிடையாது. ஊசி மருந்து பற்றிய புகாரோடு மாநிலத்துக்கும், டிக்கெட் பற்றிய புகாரோடு ஹைசாவுக்கும் போகிறவர்கள் நிறையப் பேர். இரண்டு பக்கமும் "இது எங்கள் வேலை இல்லை" என்றுதான் பதில் வரும்.

டிக்கெட்டின் கணக்கை நீங்களே போட்டுப் பார்க்க

பூலிலிருந்து கழிக்கும் சதவீதத்துக்கு டேக்அவுட் என்று பெயர். மாநிலத்தின் வரி, ரேஸ்கோர்ஸின் செலவு, குதிரைக்காரர்களின் பரிசுப் பணம் எல்லாம் இதிலிருந்துதான் வருகின்றன. அதன் அளவை, அல்லது அதன் உச்சவரம்பை, சட்டமோ ஆணையமோ நிர்ணயிக்கும். நியூயார்க்கின் பெரிய ரேஸ்கோர்ஸ்களில் வின், பிளேஸ் (முதல் இரண்டுக்குள்), ஷோ (முதல் மூன்றுக்குள்) மூன்றுக்கும் 16%, முதல் இரண்டு குதிரைகளை வரிசையாகச் சொல்லும் எக்ஸாக்டாவுக்கு 18.5%, முதல் மூன்றை வரிசையாகச் சொல்லும் டிரைபெக்டாவுக்கு 24%. கலிபோர்னியாவில் வின் பூலுக்கு 15.43%. கென்டக்கி டெர்பி நடக்கும் சர்ச்சில் டவுன்ஸில் 17.5%. டிரைபெக்டா கட்டும்போது நூற்றில் இருபத்துநாலு டாலர் ஓட்டம் தொடங்கும் முன்பே போய்விடுகிறது என்பதை மனதில் வைத்துக்கொண்டு கட்டுங்கள்.

வின் பூலில் ஒரு லட்சம் டாலர் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் நம் குதிரை மேல் விழுந்தது 25,000. நியூயார்க் கணக்கில் 16% போக மீதி 84,000. அதை 25,000ஆல் வகுத்தால் ஒரு டாலருக்கு 3.36. இரண்டு டாலர் டிக்கெட்டுக்கு 6.72 வர வேண்டும், இல்லையா? பழைய வழக்கப்படி 6.60தான் கொடுப்பார்கள். டாலருக்குக் கிடைப்பதைப் பத்து சென்ட்டின் மடங்காகக் கீழ்ப்பக்கம் சுருக்கும் வழக்கம் அது. பெயர் பிரேக்கேஜ். ஜன்னலில் சில்லறை தேடி நேரம் போகக் கூடாது என்று ஒரு காலத்தில் சொன்ன காரணம். ஒரு டாலருக்கு ஆறு சென்ட் என்றால் சின்னதாகத் தெரியும். 25,000 டாலருக்குப் பெருக்கினால் 1,500 டாலர். இது ஒரே ரேஸில், ஒரே பூலில். மெஷினும் போனும் வந்த பிறகு சில்லறைக் கதை எடுபடாது என்பது என் அபிப்பிராயம். கென்டக்கி 2022இல் சட்டம் திருத்தி ஒரு சென்ட் வரை துல்லியமாகக் கொடுக்க ஆரம்பித்தது. அப்படிச் செய்த முதல் மாநிலம் அதுதான்.

இதற்கு நேர் எதிரான ஒன்றும் உண்டு. எல்லாரும் ஒரே குதிரை மேல் ஷோ கட்டிவிட்டால் பூலில் பங்கு போட ஒன்றும் மிஞ்சாது. அப்போதும் இரண்டு டாலருக்குக் குறைந்தபட்சம் 2.10 கொடுத்தே ஆக வேண்டும் என்று பல மாநிலங்களின் விதி சொல்கிறது. குறையும் பணத்தை ரேஸ்கோர்ஸ் தன் கையிலிருந்து போட வேண்டும். என் மனைவி சாம்பல் நிறக் குதிரையாகப் பார்த்து ஷோவில் இரண்டு டாலர் கட்டுவாள். 2.10 வந்த நாளில் எங்கள் காரில் ஏறுகிறவர்கள் எல்லாரும் அந்தப் பத்து சென்ட்டின் பெருமையைக் கேட்டே ஆக வேண்டும்.

கணக்கைச் சரிபார்க்க வேண்டுமென்றால் ரேஸ் முடிந்ததும் பலகையில் வரும் பூல் தொகைகளைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். வின் கணக்கை நான் மேலே போட்டதுபோல ஒரு நிமிடத்தில் போடலாம். பிளேஸ், ஷோ கணக்குகள் கொஞ்சம் சுற்று. முதல் இரண்டு அல்லது மூன்று குதிரைகளின் பணத்தைக் கழித்து, மிச்ச லாபத்தைச் சம பங்காகப் பிரித்து, அப்புறம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக வகுக்க வேண்டும். பழக வேண்டுமென்றால் வின்னோடு ஆரம்பியுங்கள்.

ஓட ஆரம்பித்த பிறகு ஆட்ஸ் ஏன் இறங்குகிறது

எனக்கு வந்த புகார்களில் பாதி இதுதான். கேட் திறக்கும்போது 4க்கு 1 என்றிருந்த குதிரை முதல் திருப்பத்தில் 5க்கு 2 ஆகிவிடும். "யாரோ பார்த்துவிட்டுக் கட்டுகிறான்" என்று கொதிப்பார்கள். பெரும்பாலும் அப்படி இல்லை. நாட்டின் பல மூலைகளில் கடைசி நொடிகளில் கட்டிய பணம் டோட் மையத்துக்கு வந்து சேர்ந்து, கூட்டப்பட்டு, பலகையில் ஏறச் சிறிது நேரம் பிடிக்கும். பந்தயம் முன்பே மூடியிருக்கும். பலகைதான் பின்தங்கி வரும். கம்ப்யூட்டர் வைத்துக் கடைசி நிமிடத்தில் ஆயிரக்கணக்கில் கட்டும் பெரிய ஆட்கள் இருக்கிறார்கள், அவர்களால் இந்த இறக்கம் இன்னும் பெரிதாகத் தெரிகிறது. நியூயார்க் ரேஸிங் அசோசியேஷன் 2021இல் வின் பூலில் அவர்களுக்குக் கடைசி இரண்டு நிமிடம் கதவை மூடியது. சாதாரண ஆள் நல்ல ஆட்ஸ் என்று நம்பிக் கட்டியதை அடுத்த நொடி கம்ப்யூட்டர் தின்றுவிடுவது சட்டப்படி குற்றமில்லை, ஆனால் நியாயமுமில்லை.

நிஜமாகவே உள்ளே கை விட்டதும் நடந்திருக்கிறது. 2002 அக்டோபரில் சிகாகோ அருகே ஆர்லிங்டன் பார்க்கில் பிரீடர்ஸ் கப் நடந்தது. ஆறு ரேஸ்களின் வெற்றியாளரையும் சரியாகச் சொல்ல வேண்டிய 'பிக் சிக்ஸ்' பந்தயம். கடைசி ரேஸில் யாரும் எதிர்பார்க்காத வால்போனி 43க்கு 1இல் ஜெயித்தது. ஜெயித்த டிக்கெட்டுகள் மொத்தம் ஆறு; ஆறும் ஒரே ஆளுடையவை. பரிசு சுமார் 30 லட்சம் டாலர். அந்த டிக்கெட்டின் வடிவம்தான் காட்டிக்கொடுத்தது: முதல் நாலு ரேஸ்களில் ஒவ்வொரு குதிரை மட்டும், கடைசி இரண்டில் எல்லாக் குதிரைகளும். மனிதர்கள் அப்படிக் கட்ட மாட்டார்கள். அப்போதெல்லாம் தொலைவிலிருந்து கட்டிய பிக் சிக்ஸின் முழு விவரம் நாலு ரேஸ் முடிந்த பிறகுதான் தலைமைக் கம்ப்யூட்டருக்குப் போகும். அந்த இடைவெளியில் டோட் நிறுவனத்தின் புரோகிராமர் ஒருவர் நண்பரின் டிக்கெட்டைத் திருத்தினார். நியூயார்க் அதிகாரிகள் துருவினார்கள், மூன்று பேர் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறைக்குப் போனார்கள். அதன் பிறகுதான் விவரம் உடனே போக வேண்டும், பந்தயம் மூடிய நேரம் பதிவாக வேண்டும் என்று நெருக்கடி வந்தது. தணிக்கை செய்கிறவர்கள் இன்றும் முதலில் பார்ப்பது மூடிய நேரத்தையும் கேட் திறந்த நேரத்தையும்தான். உங்களுக்குச் சந்தேகம் வந்தால் ஆட்ஸ் இறங்கியது என்று எழுதாதீர்கள். எந்த ரேஸ், எந்த பூல், மூடிய நேரப் பதிவு என்ன என்று கேட்டு எழுதுங்கள். அதற்கு அவர்கள் பதில் சொல்லியாக வேண்டும்.

'அஃபிஷியல்' வரும்வரை டிக்கெட்டைக் கிழிக்காதீர்கள்

ரேஸை மூன்று ஸ்டீவர்டுகள் மேலிருந்து பார்ப்பார்கள். அவர்களில் குறைந்தது ஒருவராவது மாநிலம் நியமித்தவராக இருப்பது வழக்கம். பலகையில் 'இன்க்வயரி' என்று மின்னினால் ஸ்டீவர்டுகளே எதையோ பார்த்துவிட்டார்கள். 'அப்ஜெக்‌ஷன்' என்றால் ஜாக்கியோ டிரெய்னரோ முறையிட்டிருக்கிறார். 2019 கென்டக்கி டெர்பியில் மாக்சிமம் செக்யூரிட்டி முதலில் வந்தது. இரண்டு ஜாக்கிகள் முறையிட்டார்கள். சுமார் 22 நிமிடம் வீடியோ பார்த்த பிறகு அதை 17ஆவது இடத்துக்குத் தள்ளினார்கள். கன்ட்ரி ஹவுஸ் ஜெயித்ததாக அறிவித்து, இரண்டு டாலருக்கு 132.40 கொடுத்தார்கள். அந்த 22 நிமிடத்தில் கன்ட்ரி ஹவுஸ் டிக்கெட்டைக் கிழித்துப் போட்டவர்களை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது. உரிமையாளர்கள் மேல்முறையீடு கேட்டார்கள். ஓட்டத்தில் நடந்த தவறு பற்றி ஸ்டீவர்டுகள் எடுத்த முடிவுக்கு அப்பீல் இல்லை என்று கென்டக்கி ஆணையம் கையை விரித்தது. வழக்கும் நிற்கவில்லை.

இரண்டு வருடம் கழித்து அதே டெர்பியில் மெடினா ஸ்பிரிட். ரேஸுக்குப் பிறகு எடுத்த மாதிரியில் பீட்டாமெத்தசோன் என்ற மருந்து ஒரு மில்லிலிட்டருக்கு 21 பிகோகிராம் இருந்தது. 2022 பிப்ரவரியில் அதன் வெற்றியை ரத்து செய்து மாண்டலூனுக்குக் கொடுத்தார்கள். பரிசுப் பணம் கைமாறியது. மாண்டலூன் மேல் கட்டியவர்களுக்கு ஒரு சென்ட் கூட வரவில்லை. 'அஃபிஷியல்' என்று விளக்கு எரிந்த நொடியோடு பந்தயப் பணத்தின் கணக்கு முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு வரும் எந்தத் தீர்ப்பும் உங்கள் டிக்கெட்டைத் தொடாது. கொடுமைதான். ஆனால் வேறு வழி எனக்கும் தோன்றவில்லை: பணத்தை வாங்கிக்கொண்டு போனவர்களை எங்கே தேடிப் பிடிப்பது?

டிக்கெட்டைப் பற்றி இன்னும் ஒன்று. ஜன்னலை விட்டு நகரும் முன்பே ரேஸ் எண்ணையும் குதிரை எண்ணையும் பாருங்கள். குதிரைகள் ஓடத் தொடங்கிய பிறகு "நான் ஏழு கேட்டேன், ஆறு அடித்துவிட்டார்" என்ற புகாரைப் பொதுவாக எந்த ஆணையமும் ஏற்காது. ஜெயித்த டிக்கெட்டை மாற்றக் கெடு உண்டு, மாநிலத்துக்கு மாநிலம் வேறு. நியூயார்க்கில் அடுத்த ஆண்டு மார்ச் முடிவு வரை.

டிரெய்னரின் ஜாதகம்

டிரெய்னர், ஜாக்கி, குதிரை உரிமையாளர், லாயத்தில் குதிரையை நடத்திக்கொண்டு போகும் ஆள் வரை எல்லாருக்கும் மாநில லைசென்ஸ் வேண்டும். கைரேகை எடுத்துப் பின்னணி பார்ப்பார்கள். ஸ்டீவர்டுகள் விதிக்கும் அபராதமும் தடையும் 'ரூலிங்' என்ற பெயரில் பொதுப் பதிவாக வெளிவரும். ஆணையத்தின் தளத்தில் தேதி வாரியாகக் கிடைக்கும். மருந்து விவகாரம் என்றால், ஹைசாவின் மருந்துப் பிரிவு தன் தளத்தில் நிலுவை வழக்குகளையும் முடிந்த வழக்குகளையும் போடுகிறது. குதிரையில் பங்கு வாங்கச் சொல்லி யாராவது உங்களை அணுகினால் காபி ஆறுவதற்குள் அந்த டிரெய்னரின் பெயரை இந்த இரண்டு இடத்திலும் தேடிவிடுங்கள்.

ரூலிங் படிக்கும்போது மருந்தின் பெயரைப் பாருங்கள், எண்ணிக்கையை மட்டும் பார்க்காதீர்கள். வலி மருந்தை நிறுத்த வேண்டிய நாளில் ஒரு நாள் பிசகியதும், குதிரைக்குக் கொடுக்கவே கூடாத ஒன்றைக் கொடுத்ததும் ஒன்றல்ல. குதிரையின் உடம்பில் எது இருந்தாலும் டிரெய்னரே பொறுப்பு என்பது நெடுநாளைய விதி. "லாயக்காரன் செய்தான்" என்பது தண்டனையைக் குறைக்க உதவலாம், தப்பிக்க உதவாது. முதல் மாதிரியில் மருந்து தெரிந்தால், பிரித்து வைத்த இரண்டாம் பாதியை வேறு ஆய்வகத்தில் பரிசோதிக்கக் கேட்கும் உரிமையும் உண்டு. அது முடியும்வரை நிலுவை வழக்கு நிலுவைதான்.

போன் செயலியில் கட்டுகிறவர்களுக்கு

1978இல் வந்த மாநிலங்களிடை குதிரைப் பந்தயச் சட்டப்படி, ஒரு மாநிலத்தின் ரேஸுக்கு இன்னொரு மாநிலத்தில் பந்தயம் வாங்க வேண்டுமானால், ரேஸ் நடத்துபவர், அந்த மாநில ஆணையம், பந்தயம் வாங்கும் மாநிலத்தின் ஆணையம் ஆகிய எல்லாருடைய சம்மதமும் வேண்டும். 2000 டிசம்பரில் திருத்தம் வந்து போன், இணையம் வழியே கட்டுவதும் அதற்குள் அடங்கியது. விளைவு என்னவென்றால், நீங்கள் இருப்பது ஒரு மாநிலம், குதிரை ஓடுவது இன்னொரு மாநிலம், செயலியின் லைசென்ஸ் மூன்றாவது மாநிலம். பெரிய செயலிகள் பல ஆரிகன் மாநில ஆணையத்திடம் லைசென்ஸ் வாங்கியவை. செயலியின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும். கணக்குத் தொடங்கும் முன் அதைப் படியுங்கள். எந்த மாநிலத்தின் லைசென்ஸும் குறிப்பிடவில்லை என்றால் உங்கள் பணம் எந்த பூலுக்கும் போகாமல் யாரோ ஒருவர் சட்டைப்பையில் நிற்க வாய்ப்புண்டு. வெளிநாட்டிலிருந்து நடத்தும் தளங்கள் பல அந்த ரகம்தான், தள்ளுபடி எவ்வளவு கொடுத்தாலும்.

புகார் எழுதும்போது

முதலில் ரேஸ்கோர்ஸின் மியூச்சுவல் மேனேஜரிடம், அதாவது பந்தய ஜன்னல்களின் பொறுப்பாளரிடம், போங்கள். டிக்கெட் கையில் இருந்தால் பெரும்பாலும் அங்கேயே தீர்ந்துவிடும். தீரவில்லை என்றால் ஆணையத்துக்கு எழுத்தில்: ரேஸ்கோர்ஸ், தேதி, ரேஸ் எண், பந்தய வகை, டிக்கெட்டின் வரிசை எண், மெஷின் எண், என்ன வர வேண்டும், என்ன வந்தது, நீங்கள் போட்ட கணக்கு. டிக்கெட்டின் இரண்டு பக்கமும் போட்டோ. அசலைக் கொடுக்காதீர்கள், கேட்டால் ரசீது வாங்குங்கள். செயலி என்றால் லைசென்ஸ் கொடுத்த மாநிலத்துக்கு ஒரு பிரதி, உங்கள் மாநிலத்துக்கு ஒரு பிரதி. கோபத்தை முதல் பத்தியில் கொட்டுகிறவர்களின் கடிதத்தில் ரேஸ் எண் இருக்காது, அதுதான் என் அனுபவம்.

இன்னொரு வழியைப் பெரும்பாலோர் பயன்படுத்துவதே இல்லை. ஆணையத்தின் கூட்டங்கள் பொதுமக்களுக்குத் திறந்தவை, நிகழ்ச்சி நிரல் முன்கூட்டியே வெளியாகும், பொதுமக்கள் பேச நேரம் ஒதுக்குவார்கள். ரேஸ் நாட்களைப் பங்கிடுவது, புதிய பந்தய வகைக்கு அனுமதி, ஸ்டீவர்டு நியமனம் எல்லாம் அங்கேதான். ரேஸ்கோர்ஸ் முதலாளிகளின் வக்கீல்களும் குதிரைக்காரர்களின் சங்கமும் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். டிக்கெட் வாங்குகிறவர்களின் வரிசை காலியாக இருக்கும். எல்லாக் கூட்டத்துக்கும் போக வேண்டாம், தூக்கம் வரும். நிரலில் டேக்அவுட் அல்லது பிரேக்கேஜ் என்ற சொல் வந்தால் மட்டும் போங்கள், மேலே போட்ட 1,500 டாலர் கணக்கை ஒரு தாளில் எழுதிக்கொண்டு.